தொழில் என்னும் சொல்: ஒரு சிகிச்சையின் வரலாறும் எமது பிள்ளைகளும்

இக்கட்டுரையை ஒரு குற்ற ஒப்புதலுடன் தொடங்குவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

1996இல் லண்டனில் நான் மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்துகொண்டிருந்தேன். குடிவரவு அலுவலகம், பொலிஸ் நிலையம், ஆஸ்பத்திரி என்று எங்கு கூப்பிட்டாலும் போவேன். அப்படியொரு நாள் ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்காக அழைக்கப்பட்டிருந்தேன். அவனுக்குப் பென்சில் பிடிக்க வராது, சேட்டுத் தெறி பூட்ட வராது, பாடசாலை மணி அடித்தால் மேசைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்வான். மருத்துவர் அவனை 'ஒக்குபேஷனல் தெரபி'க்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். நான் ஒரு கணம்கூட யோசியாமல் "பிள்ளைக்குத் தொழில் சிகிச்சை குடுக்கப்போகினமாம்" என்று மொழிபெயர்த்தேன். தாய் என்னை விளங்காமல் பார்த்தா. தகப்பன் கேட்டார்: "என்ன தம்பி, எங்கட பிள்ளைக்குப் பெட்டி இழைக்கப் பழக்கப்போறாங்களோ? படிக்கமாட்டான் எண்டு முடிவு கட்டிட்டாங்களோ?" அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது இன்று சரியாக ஞாபகமில்லை. அப்படியில்லை அண்ணை என்று ஏதோ சொல்லியிருப்பேன். அவர் ஒப்பமிடவில்லை. கோப்பு மூடப்பட்டது. எனக்கு அன்றைய கூலி கிடைத்தது.

அந்தத் தகப்பனின் சந்தேகத்தை நான் நீண்ட காலமாக யாழ்ப்பாணத்து மேட்டிமையின் அறியாமை என்றே விளங்கிவைத்திருந்தேன். பெட்டி இழைத்தல் என்று அவர் சொன்னபோது அதற்குள் சாதி இருந்தது உண்மைதான். குலத்தொழில் என்ற பயம் எம்மவரின் எலும்புக்குள் இருப்பது. விமானம் ஏறினாலும் அது இறங்குவதில்லை. ஆனால் பின்னாளில் இந்தச் சிகிச்சையின் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கியபோது, அவரது கேள்வியில் அவரே அறியாத ஒரு வரலாற்று நியாயம் இருந்ததைக் கண்டேன். அதையும், அந்த நியாயத்துக்கு அப்பால் எமது பிள்ளைகள் இழந்துகொண்டிருப்பதையும் பற்றித்தான் இங்கு எழுத விரும்புகிறேன்.

தொடக்கம் ஒரு 'அசைலத்தில்'. எம்மில் பெரும்பாலானோர் ஆங்கிலத்தில் கற்ற முதற் சொற்களுள் ஒன்று அது. அரசியல் தஞ்சத்துக்கும் பைத்தியசாலைக்கும் ஆங்கிலேயர் ஒரே சொல்லை வைத்திருந்தது தற்செயலா என்பதை வாசகர்களிடம் விட்டுவிடுகிறேன். 1796இல் யோர்க் நகரில் வில்லியம் ரியூக் என்ற குவேக்கர் வணிகர் 'ரிட்ரீட்' என்ற மனநோயாளர் இல்லத்தைத் திறந்தார். சங்கிலிக்கும் சவுக்குக்கும் பதிலாகத் தோட்டவேலை, தையல், நடை, ஒழுங்கான நாட்பொழுது. மிஷெல் ஃபூக்கோ 1961இல் வெளியான தனது நூலில் இதைக் கடுமையாக விமர்சித்தார். உடலிலிருந்த சங்கிலியைக் கழற்றி மனச்சாட்சியில் பூட்டினார்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம். எமது சஞ்சிகைகளில் ஃபூக்கோவின் பெயர் எத்தனையோ தடவை அச்சேறியிருக்கிறது. ஆனால் அவர் விமர்சித்த அந்த இல்லத்தின் மரபிலிருந்து கிளைத்த ஒரு சிகிச்சை, எமது தெருவிலிருக்கும் சுகாதார நிலையத்தில் எமது பிள்ளைக்குக் கிடைக்கக்கூடும் என்பதை நாம் எழுதியதில்லை. நானும் எழுதியதில்லை.

இரண்டாவது ஊற்று எமக்கு இன்னும் நெருக்கமானது. 1889இல் ஜேன் அடம்ஸும் எலன் கேற்ஸ் ஸ்ராரும் சிக்காகோவில் 'ஹல் ஹவுஸ்' என்ற சமூக இல்லத்தைத் தொடங்கினார்கள். சுற்றிவர இத்தாலியர், கிரேக்கர், ரஷ்ய யூதர், போலந்துக்காரர் என்று வந்தேறிகளின் சேரி. அங்கு நூல் நூற்றுக்கொண்டிருந்த ஒரு முதிய இத்தாலியப் பெண்ணைக் கண்ட அடம்ஸ், அமெரிக்கப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் தம் தாய்மாரின் கைத்திறனை மதிக்காமல் போவதை யோசித்து, 1900இல் 'உழைப்பு அருங்காட்சியகம்' ஒன்றை அமைத்தார். தாய்மார் அங்கு நூற்றார்கள், நெய்தார்கள். பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். ஹல் ஹவுஸ் வட்டாரத்தின் பயிற்சி வகுப்பொன்றிலிருந்துதான் எலினோர் கிளார்க் ஸ்லேகிள் என்ற பெண் வருகிறார். நோயாளியின் நாளை வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் என்று மீண்டும் கட்டியெழுப்புவதே வைத்தியம் என்ற கருத்தை அவரும், சுவிற்சர்லாந்திலிருந்து குடிபெயர்ந்த மனநல மருத்துவர் அடொல்ஃப் மையரும் வளர்த்தெடுத்தார்கள். 1917 மார்ச்சில் நியூயோர்க் மாநிலத்தின் கிளிஃப்ரன் ஸ்பிறிங்ஸ் என்ற சிற்றூரில், காசநோயாலும் பக்கவாதத்தாலும் தாக்குண்ட ஜோர்ஜ் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞரின் வீட்டில் ஆறு பேர் கூடிச் சங்கம் அமைத்தார்கள். தொழிலுக்குப் பெயர் கிடைத்தது பார்ட்டனிடமிருந்துதான்.

அந்தப் பெயரில்தான் நான் தடுக்கி விழுந்தேன். அவர்கள் சொன்ன 'ஒக்குபேஷன்' உத்தியோகமல்ல. ஒரு மனிதரின் நேரத்தையும் கவனத்தையும் ஆட்கொள்ளும் எச்செயலும் அதற்குள் அடங்கும். விசித்திரம் என்னவென்றால் தமிழில் 'தொழில்' என்ற சொல்லுக்கும் ஆதியில் இந்தப் பொருளே உண்டு. இலக்கணத்தில் நாம் படித்த தொழிற்பெயர், உத்தியோகத்தின் பெயரல்ல. உண்ணல், உறங்கல், ஓடல் என்று செயலின் பெயர். ஆக இலங்கை அரசின் தமிழில் வழங்கும் 'தொழில்வழிச் சிகிச்சை' இலக்கணப்படி பிழையே அல்ல. ஆனால் கிளினிக்கில் இருந்த தகப்பன் நன்னூல் படித்துவிட்டு வரவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் தொழில் சாப்பிடுவது, உடுப்பது, கழுவுவது, விளையாடுவது, எழுதப் பழகுவது. இதைச் சொல்ல எனக்கு அன்று அரை நிமிடம் போதுமாக இருந்திருக்கும்.

பிரித்தானியாவுக்கு இத்தொழில் வந்தது 1920களில். பிலடெல்பியாவில் பயின்ற மார்கரெட் ஃபுல்ரன் 1925இல் அபர்டீன் மனநோய் மருத்துவமனையில் வேலை தொடங்கினார். ஒக்ரேவியா ஹில்லுடன் வறியோர் குடியிருப்புகளில் பணியாற்றிப் பின்னர் மருத்துவம் படித்த எலிசபெத் கசன், 1930இல் பிரிஸ்ரலில் 'டோர்செட் ஹவுஸ்' பயிற்சிப் பள்ளியைத் திறந்தார். யுத்தத்தில் காயமுற்ற சிப்பாய்கள் இத்தொழிலை வளர்த்தார்கள். யுத்தம்தான் மறுவாழ்வு மருத்துவத்தின் பெரிய புரவலர் என்ற கசப்பை நாம் விளக்கத் தேவையில்லை.

பிள்ளைகளின் கதை வேறு. 1913ஆம் ஆண்டின் மனக்குறைபாட்டுச் சட்டத்தின் கீழ், படிக்கத் தகுதியற்றவர் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகள் பாடசாலையிலிருந்து வெளியே தள்ளப்பட்டார்கள். அவர்களிற் சிலருக்கு 'ஒக்குபேஷன் சென்ரர்' என்ற பெயரில் நிலையங்கள் இருந்தன. அங்கே பாய் பின்னல், கூடை முடைதல், மணி கோத்தல். ஆம், கூடை முடைதல்! 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம்கூட, பாடசாலையில் கல்வி பெற இயலாதவர் என்று ஒரு பிள்ளையை அறிவிக்கும் அதிகாரத்தை உள்ளூராட்சிக்கு விட்டுவைத்தது. 1970இல் நிறைவேறி 1971 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் இங்கிலாந்தில் எந்தப் பிள்ளையும் கல்விக்கு அப்பாற்பட்டதல்ல என்றாக்கியது. அதாவது, அந்தத் தகப்பன் என்னிடம் கேள்வி கேட்பதற்கு இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னர்தான். இந்த நிலையங்கள் நான் சொல்லும் சிகிச்சை அல்ல. சொல் மட்டும் ஒன்று. ஆனாலும் 'ஒக்குபேஷன்' என்ற சொல்லைக் கேட்டு, படிக்கமாட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்களோ என அஞ்சிய அவர், இந்நாட்டின் வரலாற்றைத் தெரியாமலே சரியாகத் தொட்டிருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. அதே 1971இல் கிரெனடாவைச் சேர்ந்த ஆசிரியர் பேர்னாட் கோர்ட், கரிபியப் பிள்ளைகள் எவ்வாறு 'கல்வியில் கீழ்நிலையினர்' ஆக்கப்படுகிறார்கள் என்று ஒரு சிறு நூல் எழுதினார். ஜோன் லா றோஸின் நியூ பீக்கன் புக்ஸ் அதை வெளியிட்டது. மொழியும் பண்பாடும் அறியாத சோதனைகளால் குடியேறிகளின் பிள்ளைகள் விசேட பாடசாலைகளுக்குள் தள்ளப்பட்டதை அது அம்பலப்படுத்தியது. ஆகவே வெள்ளை அலுவலர் ஒருவர் எம் பிள்ளைக்குப் 'பிரச்சினை' என்று சொன்னால் சந்தேகப்படுவது முட்டாள்தனமல்ல. ஆனால் கரிபியப் பெற்றோர் அந்தச் சந்தேகத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. கூடினார்கள், துணைப் பாடசாலைகள் நடத்தினார்கள், கல்வி அதிகாரிகளோடு மோதினார்கள். நாமோ கையெழுத்துப் போடாமல் எழும்பி வந்தோம்.

இவ்விடத்தில் இரண்டு அகதிகளைச் சொல்லாமல் போக முடியாது. பேர்லினில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த பேர்ட்டாவும், மருத்துவர் கரெல் போபாத்தும் நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் வந்தவர்கள். 1941இல் இங்கு மணம் முடித்தார்கள். அவரிடம் இந்நாட்டுச் சான்றிதழ் இல்லை. பேர்ட்டா இயன்முறைச் சிகிச்சையாளராகத் தகுதி பெற்றது 1950இல்தான். அதற்கு முன்பே கைகளால் தொட்டு, அசைத்து, மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு முறையை உருவாக்கியிருந்தார். இருவரும் லண்டனில் அமைத்த நிலையத்திலிருந்து அது உலகெங்கும் பரவியது. இயன்முறையாளர் மட்டுமல்ல, தொழில்வழிச் சிகிச்சையாளரும் பேச்சுச் சிகிச்சையாளரும் அதைக் கற்றார்கள். 1991இல் ஒரே நாளில் இருவரும் மறைந்தார்கள்.

அகதி என்பதற்காக அவர்களை வழிபாட்டுப் படமாக்க நான் தயாரில்லை. 2013இல் அவுஸ்திரேலியத் தொழில்வழிச் சிகிச்சையாளரான அயோனா நோவாக்கும் சகாக்களும் மூளை முடக்குவாதச் சிகிச்சைகள் பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடைபோட்டபோது, போபாத் முறைக்கு ஆதரவான சான்று போதாது என்றே முடிவு கட்டினார்கள். கலிபோர்னியாவின் ஜீன் அயர்ஸ் 1972இல் நூலாக முன்வைத்த 'புலன் ஒருங்கிணைப்பு' முறையும் விவாதத்துக்கு அப்பாற்பட்டதல்ல. அதற்கான சான்று மட்டுப்பட்டது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல் பெற்றோரை எச்சரித்தது. புலன் பயிற்சி என்ற பெயரில் தனியார் நிலையங்கள் கேட்கும் காசைக் கொடுக்கமுன் இதை அறிந்திருப்பது நல்லது. நோவாக்கின் குழு நல்ல சான்றுண்டு என்று சொன்னவை எவை? பிள்ளை தானே செய்ய விரும்பும் ஒரு காரியத்தைத் தேர்ந்து அதையே பழக்குதல், பலவீனமான கைக்கு வேலை கொடுத்தல், சிகிச்சையாளர் வழிகாட்ட வீட்டில் தாய் தகப்பன் நாளாந்தம் செய்விக்கும் பயிற்சி. கட்டில்மேல் படுக்க வைத்து மற்றவர் அசைப்பதைவிட, பிள்ளை தானே சேட்டுத் தெறி பூட்ட முயல்வதில்தான் பயனுண்டு என்பது இதன் எளிய பொருள்.

அப்படியானால் வாரத்தில் ஒருமுறை வரும் நிபுணரைவிட, குசினியில் நிற்கும் தாய் முக்கியமானவள் ஆகிறாள். அவளோடு நிபுணர் கதைக்க மொழிபெயர்ப்பாளன் வேண்டும். நான் மறுபடியும் குற்றவாளிக் கூண்டுக்கு வந்துவிட்டேன்.

சரி, இதை எப்படிப் பெறுவது? இங்கிலாந்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிற நாடுகளில் இருப்போர் தத்தம் நாட்டைப் பற்றி எழுதவேண்டும்; இதை நான் ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

முதலில் தெரியவேண்டியது, இங்கு இத்தொழிலாளர் இரண்டு கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்பது. ஒருவர் தேசிய சுகாதார சேவையின் பிள்ளைகள் பிரிவில் இருப்பவர்: கை, எழுத்து, சாப்பாடு, உடுப்பு அவர் பொறுப்பு. குடும்ப வைத்தியர், பிள்ளையைப் பார்க்க வரும் ஹெல்த் விசிற்றர், பாடசாலையில் விசேட தேவைகளுக்குப் பொறுப்பான ஆசிரியர் ஆகியோர் அனுப்பலாம். சில இடங்களில் பெற்றோரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். மற்றவர் கவுன்சிலில் இருப்பவர்: குளியலறை, படிக்கட்டு, கதிரை அவர் பொறுப்பு. 1970இல் அல்ஃப் மொரிஸ் என்ற பாராளுமன்ற உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த சட்டம்தான் கவுன்சிலுக்கு இந்தக் கடமையைச் சுமத்தியது. வீட்டை மாற்றியமைக்க 30,000 பவுண் வரை உதவிப்பணம் உண்டு. பிள்ளைக்காக என்றால் 2005 டிசம்பரிலிருந்து பெற்றோரின் வருமானம் பார்க்கப்படுவதில்லை. எம்மவர் பலர் இதையறியாமல், வளர்ந்த பிள்ளையை முதுகில் சுமந்து மாடி ஏறுவதை நான் கண்டிருக்கிறேன். இந்த இரண்டு கதவுகளும் ஒன்றையொன்று காட்டிவிடும். நடுவில் அலைவது பெற்றோர்.

மூன்றாவது கதவு சட்டம். 1978இன் வோர்னொக் அறிக்கையும் 1981இன் சட்டமும் தொடக்கிவைத்தது, 2014இன் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டத்தில் 'கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம்' என்ற பத்திரமாக நிற்கிறது. 2025இல் இதை மாற்றும் பேச்சு பலமாக அடிபட்டது. ஆகவே விழிப்பாக இருக்கவேண்டும். இச்சட்டப்படி மதிப்பீடு கேட்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. தாயின் ஒரு கடிதம் போதும். கவுன்சில் ஆறு வாரத்துக்குள் ஆம், இல்லை சொல்லவேண்டும். திட்டம் தருவதாயின் இருபது வாரத்துக்குள் தரவேண்டும். மறுத்தால் தீர்ப்பாயத்துக்கு இலவசமாக மேன்முறையீடு செய்யலாம். இதற்கு உதவும் இலவச ஆலோசனைச் சேவை ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் இருக்கவேண்டும் என்பதும் சட்டம்.

இதில் ஒரு நுட்பம். பத்திரத்தில் சிகிச்சையைச் சுகாதாரப் பகுதியில் எழுதிவிட்டுப் போவது அலுவலர்களின் வழக்கம். ஆனால் பிள்ளைக்குக் கற்பிக்கும் அல்லது பயிற்றுவிக்கும் சிகிச்சையைக் கல்வி ஏற்பாடாகவே கொள்ளவேண்டும் என்கிறது சட்டத்தின் 21ஆம் பிரிவு. எழுதப் பழக்குவது பயிற்றுவித்தல் இல்லாமல் வேறென்ன? அது 'எஃப்' பகுதியில் எழுதப்பட்டால் அதை நிறைவேற்றுவது கவுன்சிலின் கட்டாயக் கடமை; ஆளில்லை, காசில்லை என்று கைவிரிக்க முடியாது. அதுவும் எத்தனை மணிநேரம், எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை, யாரால் என்று எழுதப்பட வேண்டும். 'தேவைப்படும்போது' என்று எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எப்போது தேவை என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள்.

தஞ்சம் கோரி முடிவுக்காகக் காத்திருப்போருக்கும் சுகாதார சேவை இலவசம்; பாடசாலை வயதுப் பிள்ளைக்குக் கல்வி உரிமை உண்டு. அவர்களை வருத்துவது வேறொன்று. தற்காலிக வீட்டிலிருந்து இன்னொரு பகுதிக்கு மாற்றும்போது, காத்திருப்போர் பட்டியலில் இருந்த இடம் பலவேளை போய்விடுகிறது; புதிய இடத்தில் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஆனால் சட்டத் திட்டப் பத்திரம் கையில் இருந்தால் அது பிள்ளையோடு புதிய கவுன்சிலுக்கு மாறும். இதற்காகவே அதை முந்திப் பெறவேண்டும் என்பேன். இன்னொன்று, மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அவர் சொல்வது விளங்காவிட்டால், விளங்கவில்லை என்று அவரிடமே சொல்லுங்கள்.

இந்த உரிமைகள் எதுவும் மேலிருந்து விழவில்லை. 1946இல் ஜூடி ஃபிரைட் என்ற தாய் தொடங்கிய பெற்றோர் சங்கம் பின்னர் மென்கப் ஆயிற்று. 1952இல் மூன்று பெற்றோரும் ஒரு சமூகசேவையாளரும் தொடங்கிய சங்கம் இன்று ஸ்கோப். எமக்குச் சங்கம் அமைக்கத் தெரியாதா? ஊருக்கொன்று, பாடசாலைக்கொன்று, அது பிளந்தால் இரண்டு. ஒன்றுகூடல், மலர், பொன்னாடை எல்லாம் உண்டு. ஆனால் அந்த மண்டபங்களுக்கு இப்படியான பிள்ளையோடு வரும் குடும்பத்தைக் காண்பது அரிது. கேட்டால் "அவனுக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். அக்காவின் கலியாணம் பேசி முடியும்வரை தம்பி வெளியே தெரியக்கூடாது என்பதும் உண்மை. கைதடியில் கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்கென நஃபீல்ட் பாடசாலை இருந்தது எல்லோருக்கும் தெரியும். அங்கு சொந்தத்தில் யாரும் படித்ததாக மட்டும் எவரும் சொல்வதில்லை. எமது வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் எழுதமுடியாத பிள்ளைக்கு இடமுண்டா என்று இச்சஞ்சிகையில் ஒரு விவாதம் நடந்தால் நல்லது. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி, "மற்றப் பிள்ளையளைக் குழப்புறான்" என்று ஒரு பையனைத் திருப்பி அனுப்பியது. அதன் நிர்வாகி மேடையில் இனவாதம் பற்றி மிக நன்றாகப் பேசுவார்.

2009இல் ஒரு மரணவீட்டில் அந்தத் தாயைச் சந்தித்தேன். என்னை அவ அடையாளம் கண்டுகொண்டா; நான் கண்டுகொள்ளவில்லை. பையனுக்கு ஒன்பது வயதானபோது ஒரு ரீச்சர் விடாப்பிடியாக நின்று சிகிச்சைக்கு அனுப்பினாவாம். வந்த சிகிச்சையாளர் கடதாசியும் பென்சிலும் எடுக்கவில்லை. பாணில் பட்டர் பூசவும், சப்பாத்து நாடா கட்டவும், தொண்டிருந்து தொடங்கிப் பழக்கினாவாம். பாடசாலை மணிக்கு முன்னால் அவனுக்குச் சொல்லிவைக்கும்படி ஆசிரியர்களுக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தாவாம். "நாலு வருஷம் பிந்திப்போச்சு தம்பி. இவர் வேண்டாமெண்டிட்டார். நீங்கள் அண்டைக்குச் சொன்னது எங்களுக்கு விளங்கேல்லை" என்றா. குற்றம் சாட்டும் குரல் அல்ல. பக்கத்திலிருந்த ஒரு இளம் பெண்ணைக் காட்டி, "இவவின்ர மகனுக்கும் அப்படித்தான். ஒரு கடிதம் எழுதித் தாறீங்களோ?" என்று கேட்டா.

செத்தவீட்டுப் பந்தலுக்குக் கீழேயே எழுதினோம். நான்கு வரி. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பாடசாலை. இந்தப் பிள்ளைக்கு விசேட கல்வித் தேவை இருப்பதாக நம்புகிறேன். மதிப்பீடு செய்யும்படி கேட்கிறேன். அவனால் செய்ய முடியாதவை இவை என்று அந்தப் பெண் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். இம்முறை ஒவ்வொரு வரியையும் அவவுக்குத் திருப்பித் தமிழில் சொல்லிக் காட்டினேன்.